மாவுக்கட்டு மிலிட்டரி

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கை கால் உடைந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிற வேலை சேவுகப்பெருமாளுக்கு. பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்துவிட்டு வந்து இந்த வேலையில் சேர்ந்தவர். நோயாளிகள் அவரை ‘மாவுக்கட்டு மிலிட்டரி’ என்பார்கள், ஊழியர்கள் வெறும் ‘மிலிட்டரி’. சட்டைக் கையில் எப்போதும் வெள்ளைப் பூச்சு காய்ந்து ஒட்டியிருக்கும். பேச்சு குறைவு. குழந்தைகளுக்குக் கட்டுப் போடும்போது மட்டும் ஏதாவது பாட்டை மெதுவாக முணுமுணுப்பார்.

குடியரசு தினத்தன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றியதும் அவரைப் பேசச் சொல்வார்கள். வருஷா வருஷம் ஒரே கதைதான். பனிமலையில் சண்டை நடந்தபோது கால் முறிந்த எதிரிச் சிப்பாய் ஒருவனைப் பிடித்துக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். காலையில்தான் கூட்டாளிகளைப் பறிகொடுத்திருந்த நம் வீரர்கள் சிலர் ஆத்திரத்தோடு வாசலில் கூடினார்கள். கேப்டன் குறுக்கே நின்றார். “பிடிபட்டவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் இப்போது சிப்பாய் இல்லை, நோயாளி” என்றார். சேவுகப்பெருமாள் அவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டு டீயும் கொடுத்தார். இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கதையில் ஒரு பகுதியை அவர் சொல்வதில்லை. கேப்டன் உள்ளே வந்து, “நாளைக்கு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க வருகிறார்கள், கட்டு பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும்” என்றும் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று விட்டுவிடுவார்.

ஆஸ்பத்திரியில் அவரிடம் வருகிறவர்களில் பைக்கில் விழுந்தவர்கள்தான் அதிகம். இடையிடையே போலீஸ் ஜீப்பில் வருகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த ஒருவன் போலீஸ் கையில் சிக்கியதும் பாத்ரூமில் வழுக்கி விழுவான். ஒரு கையும் ஒரு காலும் முறியும். மறுநாள் மாவுக்கட்டோடு அவன் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் எல்லார் போனுக்கும் வரும். ஊரே சிரிக்கும்.

“என்ன மிலிட்டரி, இன்னிக்கு யாரு வழுக்கி விழுந்தது?” என்று டீக்கடையில் கேட்பார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார். வருகிறவர்கள் செயின் அறுத்தவர்கள், அரிவாளோடு திரிந்தவர்கள். நம் வேலை கட்டுப் போடுவது, எப்படி உடைந்தது என்று கேட்பது நம் வேலை இல்லை என்று தன் மனசுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில் எல்லையில் மறுபடி சண்டை மூண்டது. நம் சிப்பாய் ஒருவன் அந்தப் பக்கம் பிடிபட்டான். சில நாள் கழித்து அவனைத் திருப்பி அனுப்பினார்கள். வீங்கிய முகமும் மூடிய ஒரு கண்ணுமாக அவன் நடந்து வருவதை ஆஸ்பத்திரி டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். நர்சுகள் அழுதார்கள். கைதியைச் சித்திரவதை செய்வது காட்டுமிராண்டித்தனம் என்று அரசாங்கம் அறிக்கை விட்டது. ஊரில் பேரணி ஏற்பாடானது. சேவுகப்பெருமாளைப் பழைய பதக்கங்களோடு முதல் வரிசையில் நிறுத்தினார்கள்.

கடைவீதியில் போட்ட மேடையில், மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பேசினார். “கையைக் கட்டிப் போட்டு ஒருவனை அடிப்பவன் வீரனா? மனித உயிரை மதிக்கிற மண் இது. நம்மிடம் பிடிபட்டவனை நாம் இப்படி நடத்துவோமா?”

“மாட்டோம்” என்று கூட்டம் முழங்கியது.

மைக்கை சேவுகப்பெருமாளிடம் கொடுத்தார்கள். அவர் கேப்டன் கதையைச் சொன்னார். இறங்கி வந்ததும் பாதுகாப்புக்கு நின்றிருந்த சப்-இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, “உங்களை மாதிரி ஆளுகளாலதான் சார் நாடு நிக்குது” என்றார். இளவயது, ஊருக்குப் புதிது. சேவுகப்பெருமாளுக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் அதே சப்-இன்ஸ்பெக்டர் மத்தியான வேளையில் பெத்தனைக் கொண்டுவந்தார்.

பெத்தன் ஓடு மாற்றுகிறவன். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் மழைக்கு முன்னால் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றிக் கொடுப்பான். கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டில் வெள்ளிச் சாமான்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் காணாமல் போயிருந்தன. வீட்டுப் பங்காளிகளில் ஒருவரான முருகப்பன் சென்னையிலிருந்து வந்து புகார் கொடுத்திருந்தார். கடைசியாக அந்தக் கூரையில் ஏறியவன் பெத்தன். போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

டாக்டர் அகிலாண்டேஸ்வரி அன்று தனியாகப் பணியில் இருந்தார். வெளியே நோயாளிகள் வரிசை வராண்டா தாண்டி நின்றது.

“எப்படி அடிபட்டது?” என்று கேட்டார்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டான் மேடம்.”

டாக்டர் பெத்தனைப் பார்த்தார். பெத்தன் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார். எக்ஸ்ரேயில் வலது முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. கை மணிக்கட்டுவரை வீங்கிப் பளபளத்தது. “வீக்கம் இருக்கு. கையைச் சுத்தி மூடாம ஒரு பக்கம் மட்டும் பாதிக்கட்டு போட்டு அனுப்புங்கண்ணே. வத்தின பிறகு முழுக்கட்டு போட்டுக்கலாம்” என்றார்.

“முழுசாவே போட்டுருங்க மேடம். ரிமாண்டுக்குக் கொண்டு போகணும். வழியில அவுத்துக்கிட்டான்னா எனக்குப் பிரச்சினை” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“வீங்கின கையில முழுக்கட்டு போடக் கூடாது சார்.”

“ஜெயில்லயும் டாக்டர் இருக்காங்க மேடம். பாத்துக்குவாங்க.”

டாக்டர் வெளியே நீண்டு நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு அடுத்த நோயாளியை வரச்சொல்லி மணியை அடித்துவிட்டு, “சார் சொல்றபடி செஞ்சிருங்கண்ணே” என்றார். குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது.

கட்டுப் போடும் அறையில் பெத்தனைப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். சேவுகப்பெருமாள் கால்மாட்டில் நின்றபோதுதான் அவனுடைய உள்ளங்கால்களைப் பார்த்தார். இரண்டும் கன்றிச் சிவந்து உப்பியிருந்தன. அவர் பார்ப்பதைப் பெத்தனும் பார்த்தான். கூட வந்த கான்ஸ்டபிள் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க பேரணியில பேசுனீகள்ல. நானும் கேட்டேன்” என்றான் பெத்தன் தணிந்த குரலில்.

சேவுகப்பெருமாள் மாவுத்துணியைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

“கொடி புடிச்சுக்கிட்டு நானும் வந்தேண்ணே. நம்ம சிப்பாய அடிச்சுப்புட்டாங்யளேன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன்.”

“பேசாமப் படு. கையை அசைக்காத.”

“ரொம்ப இறுக்காதீகண்ணே. இப்பவே விரலு மரத்துப் போச்சு.”

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். “என்ன சொல்றான்?”

“ஒண்ணுமில்ல சார்.”

“நல்லா கெட்டியாப் போடுங்க மிலிட்டரி. படத்துல பளிச்சுன்னு தெரியணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சேவுகப்பெருமாள் முழுக்கட்டுப் போட்டார். மாவு காய்கிறவரை சப்-இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு பெத்தனைச் சுவரோரம் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கூட்டிப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி நாகவல்லி போனைக் காட்டினாள். “ஏங்க, உங்க கட்டு எப்புடி ஓடுது பாருங்க.” பெத்தனின் படத்துக்குக் கீழே வடிவேலு வசனம் மாதிரி ஏதோ எழுதி, பின்னால் கோமாளி இசை போட்டிருந்தார்கள். நாகவல்லி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“அந்த ஆளு திருடலைன்னு நெனைக்கிறேன்.”

“திருடாதவனையா புடிப்பாக?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் உண்மை வேறு வழியாக வெளியே வந்தது. இளையாத்தங்குடியில் அவர்கள் குலக் கோவிலில் ஒரு விசேஷத்துக்கு அந்த வீட்டுப் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அங்கே பேச்சோடு பேச்சாக, அந்த வீட்டில் இன்னொரு பங்குக்காரரான கண்ணம்மை ஆச்சி, வெள்ளிச் சாமான்களும் கண்ணாடிகளும் பெங்களூரில் தன் மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். “எங்க பங்கத்தானே எடுத்தோம். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்றார். முருகப்பன் கோவிலிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திருட்டு என்ற ஒன்றே நடக்கவில்லை.

பெத்தனை வெளியே விட்டார்கள். ஆனால் அதற்குள் அவன் கை போய்விட்டிருந்தது. ஜெயிலுக்குப் போன பிறகு கட்டுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. விரல்கள் கறுக்கிற வரை யாரும் கட்டை வெட்டவில்லை. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான். விரல்கள் உள்பக்கமாக மடிந்து கொக்கி மாதிரி நின்றுவிட்டன. அந்தக் கையால் ஓர் ஓட்டைக்கூடத் தூக்க முடியாது.

பெத்தனின் மனைவி சீதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவுகப்பெருமாள் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் நாகவல்லி போட்ட நாற்காலியில் உட்காரவில்லை.

“மதுரையில ஒரு வக்கீல் மனுப் போட்டுருக்காரு அண்ணே. மாஜிஸ்திரேட்டு விசாரிக்கப் போறாரு. வழுக்கி விழுந்தான்னு போலீஸு சொல்லுது. டாக்டரம்மாவும் அப்புடித்தான் எழுதியிருக்காக. அவுகள விட்டா அன்னிக்கு அவர் உடம்பப் பாத்த வெளியாளு நீங்க ஒருத்தர்தான்.”

“நான் கட்டுப் போடுற ஆளு, தாயி. என் பேச்சு எடுபடுமா?”

“எடுபடுதோ இல்லையோ. பாத்தத சொல்லுங்க.”

நாகவல்லி இடையில் வந்தாள். “அடுத்த வருசம் அவுகளுக்கு ரிட்டையர்மென்ட். இத்தன வருசம் ஒரு சொல்லு வாங்காம வேலை பாத்துட்டாக. அவுகளப் போயி இதுல இழுக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

சீதை நாகவல்லியைப் பார்த்து, “அக்கா, காலையில அவருக்கு வேட்டி நான்தான் கட்டி விடுறேன்” என்று மட்டும் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு சேவுகப்பெருமாள் மனைவியிடம் அந்தப் பழைய கதையில் விட்ட பகுதியைச் சொன்னார். “பத்திரிகைக்காரன் வாரான்னு கேப்டன் சொன்னாரு. வராம இருந்திருந்தா அந்தக் கூடார வாசல்ல அவரு நின்னுருப்பாரான்னு இப்பத் தோணுது. நின்னுருப்பாரு, நல்ல மனுசன். ஆனா உறுதியாச் சொல்ல முடியல.”

“அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?”

“எவன் பாக்குறானோ அவனுக்குத் தக்கன உயிருக்கு மதிப்புப் போடுறாக. பெத்தன ஒருத்தரும் பாக்கல. பாத்தவன் நான். நானும் இறுக்கிக் கட்டி விட்டுட்டேன்.”

நாகவல்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டிசம்பரில் மனித உரிமைகள் தினம் வந்தது. ஊரில் உள்ள அரசு அலுவலகங்கள் எல்லாம் சேர்ந்து தாலுகா ஆபீஸ் வாசலில் உறுதிமொழி எடுத்தன. ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஒரு வரிசை, போலீஸார் ஒரு வரிசை. ஓர் அதிகாரி காகிதத்தைப் பார்த்து வாசிக்க, எல்லோரும் வலது கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். எந்த மனிதனின் உரிமையையும் எண்ணத்தாலும் செயலாலும் மீற மாட்டோம் என்ற பொருளில் வரிகள் போய்க்கொண்டிருந்தன. சப்-இன்ஸ்பெக்டரின் குரல் கணீரென்று கேட்டது. டாக்டர் அகிலாண்டேஸ்வரியின் உதடு அசைந்தது. சேவுகப்பெருமாளும் கையை நீட்டினார். வாயில் சொல் வரவில்லை. நீண்டிருந்த அத்தனை வலது கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

கலைந்து போகும்போது சப்-இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார். “என்ன மிலிட்டரி, உறுதிமொழி எடுக்கலையா?”

“எடுத்தா காப்பாத்தணுமே சார்.”

சப்-இன்ஸ்பெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “வயசான காலத்துல நிம்மதியா இருங்க” என்றார்.

விசாரணைக்கு அழைப்பு வந்தபோது சேவுகப்பெருமாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காலை பஸ்ஸில் போனார். பேரணிக்குக் குத்திய பதக்கங்களைக் கொண்டுபோகவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னார். உள்ளங்கால்கள் எப்படி இருந்தன என்று சொன்னார். டாக்டர் முதலில் பாதிக்கட்டுத்தான் போடச் சொன்னார் என்றார். சப்-இன்ஸ்பெக்டர் முழுக்கட்டுக் கேட்டதையும், படத்தில் தெரியவேண்டும் என்று சொன்னதையும் சொன்னார்.

“வீங்கின கையில முழுக்கட்டு போட்டா கெடுதல்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“தெரியும் ஐயா.”

“தெரிஞ்சும் போட்டீங்களா?”

“போட்டேன் ஐயா. இறுக்காதீகன்னு அவன் கேட்டான். அதையும் மீறிப் போட்டேன்.”

போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். “நீங்க ராணுவத்துல இருந்தவர். எல்லையில பதற்றமா இருக்கிற நேரத்துல நம்ம காவல்துறையைப் பத்தி இப்படிப் பேசுறது எதிரிக்குத்தானே சாதகம்?”

சேவுகப்பெருமாள் யோசித்துச் சொன்னார். “எதிரி செஞ்சா சித்திரவதைன்னு நாம மேடை போட்டுப் பேசினோம் ஐயா. நானும் பேசினேன். அதையே நாம செஞ்சா வழுக்கி விழுந்தான்னு எழுதுறோம். எதிரிக்கு இதுல நான் புதுசாச் சொல்லிக் கொடுக்க ஒண்ணுமில்ல.”

“நீங்க அடிச்சதைப் பாத்தீங்களா?”

“இல்ல. ஆனா அந்த ஸ்டேஷன் பாத்ரூமை நான் பாத்துருக்கேன். பேரணி ஏற்பாட்டுக்குப் போனப்ப கை கழுவப் போனேன். குழாயில தண்ணி வந்து மாசக்கணக்கா ஆச்சுன்னு ஏட்டையாவே சொன்னாரு. தரை காஞ்சு புழுதியாக் கெடந்துச்சு.”

இது நடந்த கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்குத் துறை விசாரணை வந்தது. முடிவு சுருக்கமாக இருந்தது. பெத்தனின் கை செயலிழந்ததற்குக் காரணம் தவறாகப் போடப்பட்ட மாவுக்கட்டு. அதைப் போட்டவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். சேவுகப்பெருமாளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். டாக்டர் அகிலாண்டேஸ்வரி விடுப்பில் போனார், பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். போகும் முன் ஒருமுறை போன் செய்து, “நானும் சொல்லியிருக்கணும் அண்ணே” என்றார். “இப்பவும் சொல்லலாம் டாக்டரம்மா” என்றார் இவர். டாக்டர் போனை வைத்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் வேறு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ஒருவன் வழுக்கி விழுந்த படம் வந்ததாக டீக்கடையில் சொன்னார்கள். சேவுகப்பெருமாளிடம் அந்தப் பழைய கேள்வியை யாரும் இப்போது கேட்பதில்லை. அவர் வந்தால் பெஞ்சில் சற்று விலகி உட்கார்ந்துகொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் வேறு யாரையோ பேசக் கூப்பிட்டார்கள்.

நாகவல்லி அவரோடு பல நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளாகவே பெத்தன் வீட்டுக்குப் போய் வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. “அந்தப் படத்த நானும் நாலு பேருக்கு அனுப்பி வச்சேங்க” என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

சேவுகப்பெருமாள் பெத்தனைப் பார்க்கப் போகத் தயங்கிக்கொண்டே இருந்தார். மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் பிறகு மதுரையில் தொடங்கிய வழக்கின் முதல் வாய்தா அன்று பஸ் ஸ்டாண்டில்தான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்றில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் பெத்தன் இருந்தான். இவர் நின்றார்.

“உக்காருங்க” என்றான் பெத்தன்.

உட்கார்ந்தார். பஸ் குன்றக்குடியைத் தாண்டியது.

“எம்மேல கோபமா, பெத்தா?”

பெத்தன் மடிந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தான். “இருக்குண்ணே. அடிச்சவன் போலீசு. அடிப்பான்னு தெரியும். உங்க அறைக்குள்ள வந்ததும் இனிமே அடி இல்லைன்னு நெனச்சேன். அதான் ஆறல.”

“ஆறாது” என்றார் சேவுகப்பெருமாள்.

“கோர்ட்டுல சொன்னீக. வேற எவனும் சொல்லல. அதையும் நான் மறக்கல. ரெண்டும் இருக்கு.”

அன்று அரசுத் தரப்பில் யாரும் வரவில்லை. வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அதற்கு அடுத்த முறையும் அப்படித்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. சேவுகப்பெருமாளின் பணி ஓய்வு நாள் வந்து போய்விட்டது. வழக்கு முடியாததால் ஓய்வு கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

போன வாய்தாவில் கோர்ட் வாசல் மரத்தடியில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெத்தனால் ஒரு கையால் குடையை விரிக்க முடியவில்லை. சேவுகப்பெருமாள் வாங்கி விரித்தார். இருவரும் அதற்குள் ஒட்டி நின்றார்கள்.

“அடுத்த தடவையும் வாரீகளா?” என்று பெத்தன் கேட்டான்.

“வாரேன்.”

“நீங்க வராட்டியும் தள்ளித்தான் வைப்பாங்ய. ஆனாலும் வாங்க” என்றான். மழை விடுகிற மாதிரி இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் அப்படியே நடந்தார்கள்.